களியல் ஓடையில் கிடைத்தது

மழை விட்ட மூன்றாம் நாள்
சுஜின் ஒரு சிமெண்ட் சாக்கைக் கொண்டுவந்து
என் மேசையில் வைத்தான்,
பிளாஸ்டர் காயாத
இரண்டு கீழ்த்தாடைகளுக்கு நடுவே.

களியலுக்கு மேலே
எஸ்டேட் பாலம் சரிந்த ஓடையில்
ஜேசிபி வாளியோடு ஏறி வந்ததாம்.
"டயர்த் துண்டுன்னு நெனச்சேன் எக்கா.
தூக்கினா இடுப்பு பிடிக்குது.
மேஸ்திரி சொல்லுகாரு,
ராட்சசன் செருப்பாக்கும், கல்லாயிட்டுன்னு."

செருப்பேதான், பார்வைக்கு.
அடியில் வரிவரியாய் ஓடும் மேடு,
மேட்டுக்கு நடுவே செம்மண்.
டூத்பிரஷால் தேய்த்தேன்.
வெள்ளையாய் ஒரு கோடு, மங்கலாய் ஒரு கோடு,
மறுபடி வெள்ளை.
வெள்ளையை நகம் கீறவில்லை.
பத்தொன்பது எண்ணினேன்.

எனக்குப் பாறை தெரியாது.
மார்த்தாண்டத்தில் ஒரு கிளினிக்கின் பின்னறையில்
இருபத்திரண்டு வருஷமாய்ப் பல்செட் செய்கிறேன்.
முகங்கள் முன்னறையோடு போய்விடும்.
எனக்கு வருவது அச்சு,
அதன்மேல் ரப்பர் பேண்டில் சுற்றிய ஒரு சீட்டு.
ஆள் எந்தப் பக்கம் மெல்லுவார்,
தூக்கத்தில் எதைக் கடித்து நெரித்தார்,
அதெல்லாம் பிளாஸ்டர் சொல்லிவிடும்.

இதுவும் சொன்னது.
முன்முனை வழுக்கையாய்த் தேய்ந்திருந்தது,
ஈற்றையும் மூங்கிலும் ஓடை மணலும் அரைத்து.
பின்முனையில் ஏழு வரி
ஒன்றையும் தொடவில்லை.

"பல்லாக்கும்" என்றேன்.
"யாருக்கு?"
மலைப் பக்கம் கையைக் காட்டினேன்.
அவன் நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் இழுத்துக்கொண்டான்.

"எத்தனை கோடி வருஷம் இருக்கும்?"
கோடியா, போன தலைமுறையா,
அதுதான் கேள்வி.

பக்கத்து நேந்திரங்காய் சிப்ஸ் கடைத் தராசில்
மூன்றேகால் கிலோ.
மெழுகுக் கத்தியால் தட்டினேன்,
ஓடு போலச் சத்தம்.
வேரோரம் நாக்கை வைத்தேன்.
"ஐயே!" என்றான் சுஜின்.
நாக்கு ஒட்டிக்கொண்டது,
விடுவித்த பிறகும் ஆற்றின் ருசி.

கடைசியாக
ஸ்பிரிட் விளக்கில் ஊசியைச் சிவக்கக் காய்ச்சி
வரியின் மேல் வைத்தேன். ஒன்றுமில்லை. கல்.
இன்னொரு வரி. கல்.
திருப்பி, வேர்க்குழியின் உள்ளே
விரல் போகும் ஆழத்தில் வைத்தபோது
மெல்லிசாய் வந்தது
முடி கருகும் வாசம்.

அந்த வாசம் எனக்குத் தெரியும்.
முன்னறையில் டாக்டர் சொத்தைப்பல்லைக் குடையும்போதெல்லாம்
கதவிடுக்கு வழியாக வரும்.

"முழுசாக் கல்லாகல்ல தம்பி.
உள்ளே இன்னும் ஆனையாக்கும்."

அவன் முகம் விழுந்துவிட்டது.
கல் என்றால் ஷோகேஸில் வைக்கலாம்.
பல் என்றால் ஃபாரஸ்ட்காரன், கேஸ், வக்கீல்.
"கொஞ்சம் கல்லுன்னு எழுதித் தர முடியாதா எக்கா?"
முக்கால்வாசி கல்தான்.
ஆனால் முக்கால்வாசிக்கு
என்னிடம் லெட்டர்பேடு இல்லை.

அவன் டீ குடிக்கப் போன இடைவெளியில்
ஒரு கிலோ பச்சைப் பொடியைக் கரைத்து
நான்கு ஆள் வாய்க்கான மாவில்
அதற்கு ஓர் அச்சு எடுத்துவிட்டேன்.
ஓனரிடம் பொடி சிந்திவிட்டது என்று சொன்னேன்.

இரண்டு நாள் கழித்துப் போன் வந்தது.
"எடுத்த எடத்துலயே தாத்தாச்சு."
ஆழமாகவா என்று கேட்டேன்.
"வெள்ளம் வந்தா அதுக்கே தெரியும்."
அவன் சொன்னதை நம்பினேனா என்று
இன்றுவரை எனக்கே நிச்சயமில்லை.

வார்ப்பு அலமாரியில் இருக்கிறது,
டெலிவரிக்குக் காத்திருக்கும் செட்டுகளின் வரிசையில்.
எல்லாவற்றுக்கும் சீட்டு உண்டே என்று
இதற்கும் ஒன்று எழுதினேன்.

பெயர்: தெரியாது.
ஊர்: களியலுக்கு மேலே.
தேய்மானம்: முன்பக்கம்.
பாக்கி என்ற கட்டத்தில் பேனா நின்றது.
அது ரூபாய் எழுதும் இடம்.

ஏழு வரி, என்று எழுதினேன்.